ஒரு வளவில் நான்கு அடுப்பு

யாழ்ப்பாணத்து 1995 இடப்பெயர்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் றோட்டைத்தான் எழுதுகிறார்கள். ஒக்டோபர் 30 பின்னேரம் விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து, வலிகாமத்தை விட்டு உடனே தென்மராட்சிக்கும் வன்னிக்கும் வெளிக்கிடச் சொன்னது, செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் சனத்தால் அடைபட்டது, மழை கொட்டியது, தாகத்துக்குக் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணி குடித்தது, வழியிலேயே வயதுபோனவர்கள் செத்தது. எல்லாம் நடந்ததுதான். நானும் அந்த றோட்டில் நின்றவள். ஆனால் றோட்டு ஓர் இரவோடும் ஒரு பகலோடும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு, அடுத்த சித்திரை வரைக்கும், நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் எங்கே படுத்தது, ஆருடைய கிணற்றில் குளித்தது, ஆருடைய விறகில் உலை வைத்தது? ஒரு பகுதி பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் மரத்தடிகளிலும். ஒரு பகுதி கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு. மிச்சப் பேர் முன்பின் தெரியாத குடும்பங்களின் வீடுகளில். அந்த வீடுகளுக்குள் நடந்ததை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கொக்குவில். அந்த வருடம் வயது 27, பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தது மீசாலை.

தென்மராட்சியைத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். வலிகாமம் செம்மண்; வீடும் வீடும் நெருங்கி, மதிலும் வேலியுமாய் இருக்கும் பூமி. தென்மராட்சி மணல். பெரிய வளவுகள், தென்னை, மா, பலா, ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. சாவகச்சேரிச் சந்தைக்கு மாம்பழமும் பலாப்பழமும் வாங்கப் போகிற இடமாகத்தான் எங்களுக்கு அது தெரியும். அந்தச் சின்னப் பிரதேசத்துக்குள், அதன் சொந்தச் சனத்தைப்போலப் பல மடங்கு ஆட்கள் ஒரு கிழமைக்குள் வந்து இறங்கினார்கள். வரச் சொன்னவர்கள் தென்மராட்சிச் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளிக்கிட்ட எங்களிடமும் கேட்கவில்லை. கேளாமல் சேர்த்துவிட்ட இரண்டு பேர் ஒரு கூரைக்குக் கீழே எப்படி இருப்பது என்பதைத் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வந்தவரை இருத்துகிற வழக்கம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. பழைய யாழ்ப்பாணத்து வீடுகளின் முகப்பில் சங்கடப்படலை இருந்தது. படலைக்கு மேலே சின்னக் கூரை, இரண்டு பக்கமும் இருக்கத் திண்ணை, அருகில் தண்ணீர்ப் பானை. வழிப்போக்கர் வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே இருந்து இளைப்பாறிப் போகலாம். ஆனால் அது திண்ணையளவு உபசாரம். வீட்டுக்குள்ளே வந்து மாதக்கணக்கில் இருந்தவர்கள் எப்போதும் சொந்தக்காரர்தான். 1958இலும் 1977இலும் 1983இலும் தெற்கிலிருந்து அடிபட்டு வந்தவர்கள் அப்படித்தான் கரை சேர்ந்தார்கள். 83இல் லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கியவர்களை மாமன் மச்சான் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

இந்த நிலை 1990இல்தான் மாறியது. அந்த ஆனியில் சண்டை மீண்டும் தொடங்க, பலாலி, மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறை, தெல்லிப்பழை என்று வலிகாமம் வடக்கே எழும்பித் தெற்கே வந்தது. இத்தனை ஊர்ச் சனத்துக்கும் சொந்தக்காரர் வீடு காணாது. அப்போதுதான் எங்கள் வீட்டுக்கும் வசாவிளானிலிருந்து ஒரு தோட்டக்காரக் குடும்பம் வந்தது. நாங்கள் முன்பு கண்டறியாதவர்கள். 95 வரைக்கும் எங்களோடு இருந்தார்கள். 1995இல் நாங்கள் மீசாலையில் மரியாதையோடு இருக்க முடிந்ததற்கு முழுக் காரணமும் இந்த ஐந்து வருடம்தான் என்று நான் நினைக்கிறேன். வீடு கொடுத்தவளுக்கு எங்கெங்கே மனம் நோகும் என்பதை அம்மா தன் மனதிலேயே பார்த்துவிட்டிருந்தா.

அந்த நோவு எப்படி வந்தது என்று அம்மா எனக்குப் பிறகு சொல்லியிருக்கிறா. முதல் மாதம் வசாவிளான் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் அம்மா சமைத்தா. ஆசையோடுதான் சமைத்தா. இரண்டாம் மாதம் அரிசி அளக்கும்போது கை ஒரு கணம் நின்றது. ஒருவரும் காணவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க அம்மா அவர்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை என்பதும் அம்மாவுக்குத் தெரியும். வசாவிளான் அக்கா கெட்டிக்காரி. அதற்கு அடுத்த நாளே மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் அடுப்பை மாற்றிவிட்டா. அதற்குப் பிறகு இரண்டு குடும்பமும் கறி மாறிச் சாப்பிட்டது. கறி மாறுவது வேறு, ஒரே பானையில் சாப்பிடுவது வேறு.

இனி மீசாலை. நாவற்குழியும் கைதடியும் சாவகச்சேரியும் தாண்டி, பல படலைகளில் நின்று கேட்டபிறகு, ஒரு படலையில் வயதான ஒரு ஆச்சி வெளியே வந்தா. கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எந்த ஊர்? எந்தக் குறிச்சி? எந்தக் கோயிலடி? ஆற்றை ஆக்கள்? யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் அந்தக் கேள்விகள் எதை அறியக் கேட்கப்படுகின்றன என்று தெரியும். நாங்கள் சொன்ன பதில் எங்களை உள்ளே விட்டது. அதே பதிலைச் சொல்ல முடியாத குடும்பங்கள் பாடசாலை வகுப்பறைகளில் வாங்கை நகர்த்திப் படுத்தார்கள். எங்கள் வளவுக் கிணற்றில் வாளி போட அவர்களுக்கு இடமில்லை. ஆச்சியின் அன்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்த அன்புக்கு வாசலில் ஒரு அளவுகோல் இருந்ததையும் மறைத்து எழுத மாட்டேன்.

வீட்டில் ஆச்சி, மகன், மருமகள், அவர்களின் இரண்டு பிள்ளைகள். வந்தவர்கள் நாங்கள் ஆறு பேர், ஆனைக்கோட்டைக் குடும்பம் ஒன்று, இரண்டு நாள் பிந்தி உரும்பிராய்க் குடும்பம் ஒன்று. பெண்கள் நடு மண்டபத்தில், ஆண்கள் விறாந்தையில், நெல்லுமூட்டை இருந்த அறையில் அப்பாச்சி. முதல் இரண்டு நாளும் ஆச்சி கலியாண வீட்டுக்கு வைத்திருந்த கிடாரத்தை இறக்கி எல்லாருக்கும் சமைத்தா. மூன்றாம் நாள் விடியக்காலை அம்மா ஆச்சிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினா.

"ஆச்சி, அந்தப் பிலாவுக்குக் கீழை ஒரு பத்தி இறக்கி நாங்கள் சமைக்கட்டோ?"

"ஏன் பிள்ளை, என்ரை சோறு பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சபடியாத்தான் கேக்கிறன். இது எத்தினை நாளெண்டு ஆருக்கும் தெரியாது ஆச்சி."

ஆச்சி ஒன்றும் சொல்லாமல் எழும்பிக் குசினிக்குள் போனா. கோபித்துவிட்டா என்றுதான் நான் நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய மண்பானை, இரண்டு சட்டி, ஒரு சிரட்டை அகப்பை. "பானை வடிக்கேக்கை கவனம், விளிம்பிலை ஒரு வெடிப்பு" என்று மட்டும் சொன்னா. அன்று பின்னேரமே ஆச்சியின் மகன் நான்கு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து தந்தார். ஆனைக்கோட்டை, உரும்பிராய்க் குடும்பங்களும் அடுத்தடுத்து அடுப்பு மூட்டின. ஒரு வளவில் நான்கு அடுப்பு.

அடுப்புப் பிரிந்ததும் கணக்கு வந்தது. அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். எதையும் எழுதி வைக்கிற மனுசர். பிள்ளைகள் பாவிக்கிற கொப்பி ஒன்றில், ஆச்சி வீட்டிலிருந்து வாங்கியது இடப்பக்கம், கொடுத்தது வலப்பக்கம் என்று கோடு போட்டார். இன்றைக்கும் அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. அரிசி 3 சுண்டு. தேங்காய் 2. மண்ணெண்ணெய் அரைப் போத்தல். கடகம் ஒன்று, இரண்டு நாளுக்கு. வலப்பக்கத்தில் கோதுமை மா, பருப்பு, சீனி. அந்த வலப்பக்கத்துக்கு ஒரு விளக்கம் தேவை. இடம்பெயர்ந்தவர்களாய் விதானையாரிடம் பதிந்தவர்களுக்குச் சங்கக்கடையில் நிவாரணம் கிடைத்தது. வீடு கொடுத்தவர்களுக்கு அது இல்லை. சொந்த வளவுக்குள் தாங்கள் நிவாரணம் இல்லாமல் நிற்க, இருக்க வந்தவர்கள் பருப்பும் சீனியும் சுமந்து வருவதைப் பார்க்க ஆருக்கும் ஒரு மாதிரியிருக்கும். அதை அம்மா முதல் நிவாரண நாளிலேயே தீர்த்தா. மாவையும் சீனியையும் சும்மா கொடுத்தால் ஆச்சி வாங்க மாட்டா. அதனால் தேங்காய்க்கு மாற்றாய்க் கொடுத்தா. மாற்று என்றால் இரண்டு பக்கத்துக்கும் கை தாழாது.

தேங்காயைப் பற்றி இன்னொன்று. தென்னந்தோப்பு வளவில் இரவில் தேங்காய் விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்கும். விழுந்தது ஆருக்கு? சொந்த ஊரில் என்றால் விடிய எழும்பி முதலில் காண்கிறவர் எடுப்பார். இங்கே அம்மா என் தம்பிக்குச் சொல்லியிருந்தா: சத்தம் கேட்ட திசையைப் பார்த்து வை, விடிந்ததும் தேடி எடுத்து ஆச்சியின் குசினி வாசற்படியில் வை, எங்கள் அடுப்பிருக்கிற பக்கத்துக்குக் கொண்டு வராதே. விழுந்த ஓலைக்கும் பாளைக்கும் பன்னாடைக்கும் அதே சட்டம். ஆச்சி பார்த்துவிட்டு, ஓலையில் பாதியை இழுத்து எங்கள் பக்கம் போடுவா. ஒவ்வொரு முறையும் அவவே போடுவா. ஒரு முறையும் நாங்கள் கேட்டதில்லை. அவவின் பொருளை அவவே கொடுக்கிற உரிமையை அவவிடம் விட்டுவைத்ததுதான் அம்மா செய்தது.

கிணறுதான் எல்லாவற்றிலும் சிக்கல். மாரியில் தென்மராட்சிக் கிணறுகளில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். நல்லதுபோல் தெரியும். ஆனால் சுற்றியுள்ள அழுக்கெல்லாம் அதற்குள்தான் இறங்கும். ஒரு குடும்பம் குளித்த கிணற்றில் நான்கு குடும்பம். அதில் ஏற்பட்ட ஒழுங்கு ஒருவரும் கூடிப் பேசி ஏற்படுத்தியதல்ல. நிலம் தெளியமுன் ஆண்கள். பிறகு குடிதண்ணீர் அள்ளும் நேரம், அந்த நேரத்தில் ஒருவரும் தோய்க்கக் கூடாது. பத்து மணிக்குப் பிறகு பெண்கள். தோய்க்கிற கல் கிணற்றடியிலிருந்து வாழைப்பாத்திக்கு மாறியது. 1990இலிருந்து மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கிடைப்பதும் அரிது. ஆவணியில் பொறுக்கிய பனம்பழத்தைப் பிசைந்து தோய்த்த காலம் அது. இருந்த சவர்க்காரத் துண்டை ஆச்சியின் வாளிக்குள் மறந்தும் போடுவதில்லை. குடிதண்ணீர் வாளி ஆச்சியுடையது, அதில் வேறெதுவும் படக்கூடாது. கக்கூசுக்குப் பின்பக்கம் புதிதாய் ஒரு குழி வெட்டியது உரும்பிராய் அண்ணை. மணல் சரியச் சரிய, தென்னங்குற்றி அடுக்கி வெட்டினார். வீட்டுக்காரர் பாவித்த பழைய கக்கூஸ் அவர்களுக்கு மட்டும் என்று நாங்களாகவே விட்டுவிட்டோம்.

பேச்சையும் சொல்ல வேண்டும். மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தால் வீட்டுக்காரரின் குடும்பச் சண்டை கேட்கத்தான் செய்யும். மாமி மருமகள் மனஸ்தாபம், மகன் வாங்கிய கடன், எல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. சங்கக்கடை வரிசையில் நின்றால் எல்லா வளவாரும் தங்கள் தங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் கதைப்பார்கள். ஆர் தாராளம், ஆர் கிணற்றுக் கயிற்றைக் கழற்றி உள்ளே வைக்கிறார்கள், ஆர் விறாந்தைக்கு வாடகை கேட்கிறார்கள். அந்தக் கதை சாயந்தரத்துக்குள் எப்படியோ உரிய படலைக்குப் போய்ச் சேரும். அதே ஒழுங்கையில் ஒரு குடும்பம் அப்படி ஒரு கதையால்தான் இரவோடிரவாய்ச் சாமான் தூக்க வேண்டி வந்தது. வீட்டுக்காரரும் பொல்லாதவர் அல்ல, இருந்தவர்களும் பொல்லாதவர்கள் அல்ல. அம்மா வரிசையில் நின்று கதைத்தது மழையைப் பற்றி மட்டும்.

கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்குத்தான் அந்த மாதங்கள் கூடப் பாரம். எங்களிடம் ஒரு தையல் மெசினின் தலை இருந்தது. றோட்டில் எத்தனையோ சாமானை விட்டுவிட்டு வந்தும், சைக்கிள் கரியரில் கட்டிய அந்த இரும்பை அம்மா விடவில்லை. ஆச்சியின் மகன் பழைய மேசையொன்றில் துளை போட்டு அதைப் பூட்டிக் கையால் சுற்றத் தக்கதாய் ஆக்கினார். வளவிலுள்ள எல்லாருக்கும், பிறகு ஒழுங்கைக்கும், கிழிந்தது தைத்தது அந்த மெசின். இரவில் ஜாம் போத்தல் விளக்கு ஒன்றைச் சுற்றி எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் இருத்தி நான் கணக்கும் சரித்திரமும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு விளக்கு எரிந்தால் மூன்று விளக்கின் மண்ணெண்ணெய் மிச்சம். தைப்பொங்கலுக்கு முற்றத்தில் ஒரே பானைதான் வைத்தோம். அரிசி நான்கு வீட்டிலிருந்தும் வந்தது.

அப்பாச்சி மார்கழியில் செத்தா. யாழ்ப்பாணப் பட்டினத்தில் இராணுவம் கொடி ஏற்றிய டிசம்பர் 5க்குப் பிறகு சில நாளில். வீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை போனதோடு அவவும் சாப்பாட்டை விட்டுவிட்டா. எங்கள் சனத்துக்கு இதைவிடப் பெரிய சங்கடம் இல்லை. பிறத்தியார் வீட்டில் சாவு என்றால் துடக்கு ஆருக்கு? பிரேதத்தை எங்கே கிடத்துவது? அப்பாவும் நானும் பத்திக்குள் இடம் ஒதுக்கத் தொடங்கினோம். ஆச்சி வந்து பார்த்தா.

"என்ன செய்யிறியள்? மனுசி என்ரை வீட்டிலைதானே சீவன் விட்டது. மண்டபத்திலை தெற்கை தலைவைச்சுக் கிடத்துங்கோ."

மருமகள் அக்கா முகம் மாறினதை நான் கண்டேன். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு, அவவைக் குறை சொல்ல ஏலாது. ஆச்சி திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுச் சாமிப்படத்தை எடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பினா. மழையில் காய்ந்த விறகு எங்கும் இல்லை. மகன் கோடாலியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய், கொஞ்ச நாளாய்ப் பட்டுப்போய் நின்ற ஒரு மாமரத்தைத் தறித்தார். அந்த மரத்தில்தான் அப்பாச்சி எரிந்தா. ஊர்ச் சுடலைக்கு ஒழுங்கை முழுக்க வந்தது. காவ வந்த ஆண்களில் பாதிப் பேருக்கு அப்பாச்சியின் பெயரும் தெரியாது.

செலவு வீட்டுக்குப் பிறகு அம்மாவும் நானும் வீட்டை மேலிருந்து கீழ்வரை கழுவினோம். மண்டபத்தை மட்டுமல்ல, ஆச்சியின் அறையையும், குசினியையும், நாங்கள் அதுவரை கால் வைக்காத சாமி அறையையும். மருமகள் அக்கா முதலில் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு தானும் வாளி எடுத்தா. அதற்குப் பிறகுதான் அவவுக்கும் எங்களுக்கும் உண்மையான சிநேகம் வந்தது. 31ஆம் நாள் அந்தியேட்டி. எங்கள் பக்கத்தில் அதைக் கீரிமலையில்தான் செய்வது. கீரிமலை அப்போது, 1990இலிருந்து, இராணுவப் பிரதேசத்துக்குள் இருந்தது. பக்கத்துக் கோயில் கேணியடியில் செய்தோம். அன்று அப்பா கொப்பியின் இடப்பக்கத்தில் எழுதினார்: மாமரம் 1.

அம்மாவின் முறை எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு கால எல்லை உண்டு. 1990இல், அதுவும் இதே ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் சனத்தை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வட மாகாணம் முழுவதிலுமாய்ச் சுமார் 75,000 பேர் கையில் சில நூறு ரூபாவோடு போனார்கள். என்னோடு படித்தவர்களும் அதில் இருந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் போனார்கள். புத்தளத்துச் சனம் பள்ளிவாசலைத் திறந்தது, தென்னந்தோட்டத்தில் கொட்டில் போட இடம் கொடுத்தது, சோறு கொடுத்தது. ஆனால் அவர்கள் திரும்பிப் போக ஆறு மாதத்தில் வழி வரவில்லை. இருபது வருடத்திலும் முழுதாய் வரவில்லை. பாடசாலையில் பிள்ளைகளுக்கு இடம், தோட்டத்தில் கூலி, குடிக்கத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஊராருக்கும் வந்தவருக்கும் உரசல் வந்தது. ஒரு தலைமுறை அகதிக் கொட்டிலில் பிறந்து வளர்ந்த பிறகு, விழுந்த தேங்காயை வாசற்படியில் வைப்பதால் எதுவும் சரியாகாது. காணியும் தொழிலும் வாக்குரிமையும் பேசப்பட வேண்டியிருந்தது. அதைப் பேச வேண்டியிருந்தவர்கள் வீட்டுக்காரரல்ல, அரசும் துரத்தியவர்களும்தான்.

எங்கள் காலம் குறுகியது. 1996 ஏப்ரல் 19, இராணுவத்தின் ரிவிரெச நடவடிக்கையின் இரண்டாம் கட்டம் தென்மராட்சிக்குள் வந்தது. கிளாலிப் பக்கம் ஓடுவதா, வலிகாமத்துக்கே திரும்புவதா என்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிவெடுத்தது. ஆனைக்கோட்டைக் குடும்பம் வன்னிக்குப் போனது. நாங்களும் உரும்பிராயும் நாவற்குழியால் திரும்பினோம். பானையைக் கழுவி ஆச்சியிடம் கொடுத்தபோது விளிம்பு வெடிப்புக் கொஞ்சம் கூடியிருந்தது.

2000இல் யுத்தம் திசை மாறியது. ஏப்ரல் 22 ஆனையிறவு புலிகளிடம் விழ, மே மாதத்தில் சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. சாவகச்சேரி இடிபட்டு மண்மேடானது. கொடிகாமம்–பருத்தித்துறைப் பாதையால் வடமராட்சிக்குப் போய், அங்கிருந்து சுற்றி, ஒரு பின்னேரம் ஆச்சி குடும்பம் எங்கள் படலையில் வந்து நின்றது. அம்மா ஊர் கேட்கவில்லை, குறிச்சி கேட்கவில்லை. நேரே கூட்டிக்கொண்டு போய் முதலில் கக்கூஸ், பிறகு கிணறு, பிறகு விறகு அடுக்கியிருக்கிற இடம், கடைசியாய் மாட்டுக்கொட்டிலடி அடுப்பு. வசாவிளான் அக்கா போட்ட அடுப்புத்தான், கல்லு மட்டும் மாற்றியிருந்தோம்.

"இண்டைக்கு மட்டும் எங்களோடை சாப்பிடுங்கோ ஆச்சி. நாளைக்கு நீங்கள் வையுங்கோ."

"அது எனக்குத் தெரியும் பிள்ளை" என்றா ஆச்சி.

1995ஐ விட இந்த முறை வீட்டுக்காரருக்குப் பொறுப்புக் கூட. கொக்குவில் அப்போது இராணுவக் கட்டுப்பாட்டில். சுற்றிவளைப்பில் வீட்டிலுள்ளவர்களின் விபரத்தைக் காட்ட வேண்டும், புதிதாய் இருக்கிற ஆண் பிள்ளைக்கு வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும். ஆச்சியின் மகன் அதைப் புரிந்துகொண்டார். எங்கே போனாலும் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். நாற்பது வயது மனுசர். ஒரு நாளும் பிந்தவில்லை. மூத்த பேத்தி எங்கள் வீட்டிலிருந்துதான் சாதாரண தரம் எழுதினாள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. மீசாலைக் காணிக்குக் கண்ணிவெடி இல்லை என்று உறுதி கிடைத்தபின் மகன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, தென்னைகளில் பாதிக்கு மேல் தலை இல்லை. வெளிக்கிடுவதற்கு முதல்நாள் இரவு அவர் ஒரு கொப்பி கொண்டுவந்து விறாந்தை மேசையில் வைத்தார். தானும் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அப்பா உள்ளே போய்த் தன் கொப்பியை எடுத்து வந்தார். இரண்டு பேரும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாய்ப் பார்த்தார்கள். மண்ணெண்ணெயில் பிணக்கு வந்தது. கடன்காரர் தான்தான் என்று இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். மருமகள் அக்கா வந்து, விடியப் பயணம், படுங்கோ என்று சத்தம் போட்டா.

மாமரம் 1 என்ற வரிக்கு வந்தபோது ஆச்சியின் மகன் பேனையை வாங்கினார். "மாஸ்டர், இதைக் கணக்கிலை வைக்கேலாது. செத்தவீட்டுக்குக் குடுத்தது" என்று சொல்லி, அப்பா மறுக்குமுன் அந்த வரியை வெட்டினார். அப்பா கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மாட்டுக்கொட்டில் இப்போது மாடில்லாமல் கிடக்கிறது, அதன் தகரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் வீட்டுக்குப் போடச் சொன்னார். அதற்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. அதில் அப்பா வென்றார். விடிய ஆறு மணிக்கு லாண்ட்மாஸ்டர் வந்தது. தம்பியும் அவருமாய்த் தகரத்தைக் கழற்றி ஏற்றினார்கள். அதன்மேல் பாய்கள், பிள்ளைகளின் புத்தகப் பெட்டி, அம்மா கட்டிக் கொடுத்த புதுப் பானை இரண்டு. ஆச்சி முன்னுக்கு ஏறி இருந்துகொண்டு, கயிறு இறுக்கமாய்க் கட்டியிருக்கிறதோ என்று மூன்று தரம் கேட்டா.